கணிப்பொறி எதுவரை காத்திருக்க வேண்டும்?

மின்சாரம் நின்று மீண்டும் வந்த பிறகு ஒரு காரியாலயத்தில் நடப்பதைக் கவனித்தவர்கள் ஓர் உண்மையை அறிவர். எல்லாச் சாதனங்களும் ஒரே கணத்தில் மின்சாரத்தைப் பெறுகின்றன. ஆனால் எல்லாம் ஒரே கணத்தில் வேலைக்குத் தயாராவதில்லை. இக்காலக் கணிப்பொறி கால் நிமிஷம், அரை நிமிஷத்தில் எழுந்து நின்றுவிடுகிறது. வெளியுலகுடன் அதனை இணைக்கும் கண்ணாடியிழைப் பெட்டியும், ரௌட்டரும், சுவிட்சும் எழுந்து நிற்க ஒரு நிமிஷமோ, மூன்று நிமிஷமோ பிடிக்கிறது. முன்னே எழுந்தது பின்னே எழுவதைத் தேடுகிறது, காணவில்லை. அப்போது அது என்ன செய்ய வேண்டும்? இணைப்பு வரும்வரை கதவை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டுமா, அல்லது இருப்பதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டுமா?

இது இயந்திர வல்லுநர்கள் மட்டும் தீர்க்க வேண்டிய சிறு விஷயம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு எண்ணுவது சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. மழையளவு குறிக்கும் ஊழியருக்கும், நாற்பது மாணவர்களுடன் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் இதன் விளைவு நேராக வந்து சேர்கிறது. ஆகையால் முடிவு செய்வதில் அவர்களுக்கும் பங்கு இருக்க வேண்டும்.

ஹூக்ளி நதி கற்பிக்கும் பாடம்

காத்திருத்தல் என்பது தன்னளவில் குறையன்று. கொல்கத்தாத் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 1870-ஆம் ஆண்டிலிருந்து தனி நிர்வாகத்தின் கீழ் இயங்கிவரும் இத்துறைமுகம் கடற்கரையில் இல்லை. நதியின் உள்ளே, கடல்முகத்திலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஹூக்ளியின் மணல் திட்டுகளைக் கடக்கப் போதிய ஆழம் எப்போதும் கிடைப்பதில்லை. எனவே கப்பல்கள் கடல்முகத்தில் நின்று, ஓதம் ஏறும் நேரத்தையும் வழிகாட்டும் பைலட்டையும் எதிர்நோக்கிக் காத்திருந்து, பின்னரே மேலேறி வருகின்றன. கித்தர்பூர்த் துறையினுள் நுழைவதற்கும் நீர்க்கதவு திறக்கும் நேரம் பார்க்க வேண்டும்.

இக்காத்திருத்தலை எவரும் குறை கூறுவதில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, காத்திராமல் சென்றால் கப்பல் தரை தட்டும். இரண்டாவது, ஓதம் எப்போது வரும் என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்டு அட்டவணையாக வெளிவருகிறது. காத்திருத்தலுக்கு ஒரு முடிவு உண்டு. மூன்றாவது, காத்திருக்கும் நேரத்தில் கப்பல் செயலற்றுப் போவதில்லை; மாலுமிகள் தம் வேலைகளைச் செய்துகொண்டுதான் இருக்கின்றனர்.

இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டால் கணிப்பொறியின் காத்திருத்தலையும் நாம் நிறுத்துப் பார்க்க முடியும். இணைப்பு இல்லாமல் தொடங்கினால் உண்மையில் சேதம் உண்டா? காத்திருத்தலுக்கு முடிவு உண்டா? காத்திருக்கும்போது வேறு வேலை நடக்கிறதா? இணைப்பு வலைக்கு ஓத அட்டவணை கிடையாது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

இணைப்பு என்பது ஒரு நிகழ்ச்சியன்று

“இணைப்பு வந்துவிட்டதா?” என்ற கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. விடை எளிதன்று. முதலில் கேபிளில் மின்குறி ஓட வேண்டும். அடுத்து, சுவிட்ச் அந்த வழியைத் திறந்துவிட வேண்டும். பின்னர் கணிப்பொறிக்கு ஒரு முகவரி எண் வழங்கப்பட வேண்டும். அதன்பின் வெளிவாயிலான ரௌட்டர் பதிலளிக்க வேண்டும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் பெயர்ச்சேவை இயங்க வேண்டும். இறுதியாக, நாம் நாடும் சர்வரே விழித்திருக்க வேண்டும். இவ்வாறு படிகள் ஆறு. ஏதேனும் ஒரு படியில் தடங்கல் நேர்ந்தாலும் பயனாளி காண்பது “இணைப்பு இல்லை” என்ற ஒரே செய்திதான்.

இரண்டாவது படியை ஆராய்ந்தால் ஒரு சுவையான செய்தி கிட்டுகிறது. பல சுவிட்சுகளைக் கொண்ட கட்டடங்களில், செய்திகள் ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வலை முழுவதையும் அடைத்துவிடாமல் காக்க ஒரு விதி வகுக்கப்பட்டுள்ளது. அதன் பழைய வடிவத்தின்படி, புதிதாக உயிர்பெற்ற ஒரு துளையைச் சுவிட்ச் உடனே திறப்பதில்லை. 15 வினாடி கேட்டுக்கொண்டிருக்கும். மேலும் 15 வினாடி அண்டை விவரங்களைக் கற்றுக்கொள்ளும். அதன் பிறகே திறக்கும். இந்த 30 வினாடிக்குள் விரைவான கணிப்பொறி தன் முகவரியைக் கேட்டுப் பார்த்துச் சலித்து, 169.254 என்று தொடங்கும் தற்காலிக எண்ணைத் தானே சூட்டிக்கொள்கிறது. பிறகு ஊழியர் “இணையம் வரவில்லை” என்று முறையிடுகிறார். கேபிளில் பழுதில்லை, கணிப்பொறியிலும் பழுதில்லை. இரண்டின் வேகமும் ஒத்துவரவில்லை, அவ்வளவே. கணிப்பொறி செருகப்படும் துளைகளை உடனே திறக்குமாறு சுவிட்சில் அமைத்துவிட்டால் இத்தொல்லை நீங்கும். காத்திருக்கும் காலத்தை நீட்டுவதற்கு முன்னர், தாமதத்தின் காரணத்தைத் தேடுவது அறிவுடைமை என்பதற்கு இது நல்ல சான்று.

காத்திருப்போர் தரப்பு

இணைப்பு வரும்வரை இயந்திரம் காத்திருக்கத்தான் வேண்டும் என்போர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய காரியாலயங்களில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்தப் பாதுகாப்பு விதி இன்று நடைமுறையில் உள்ளது என்பன மத்திய சர்வரில் உள்ளன. விண்டோஸ் வகைக் கணிப்பொறிகள் 2001-ஆம் ஆண்டின் எக்ஸ்.பி. பதிப்பிலிருந்து, தம் இயல்பில் வலைக்காகக் காத்திருப்பதில்லை. முன்பு சேமித்துவைத்த அடையாளத்தைக் கொண்டு ஊழியரை உள்ளே விட்டுவிட்டு, விதிகளைப் பின்னணியில் பெற்றுக்கொள்கின்றன. இதனால் வேகம் கிடைக்கிறது. ஆனால் புதிய மென்பொருள் நிறுவுதல் போன்ற சில மாற்றங்கள் ஒருமுறை உள்நுழைந்தால் வருவதில்லை. இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோதான் வந்து சேர்கின்றன. நிர்வாகிகள் இதனை விரும்பாமல், “தொடக்கத்தில் எப்போதும் வலைக்குக் காத்திரு” என்னும் விதியை இயக்கிவிடுகின்றனர்.

வரிசை தவறினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பு ஒன்றினால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பிழைக் கோப்பு கணிப்பொறியினுள்ளேயே இருந்தது. திருத்தம் வலை வழியாக வர வேண்டியிருந்தது. தொடக்கத்தில் வலை முந்திக்கொண்டால் இயந்திரம் பிழைத்தது. பிழைக் கோப்பு முந்திக்கொண்டால் மீண்டும் வீழ்ந்தது. மெய்நிகர்க் கணிப்பொறிகளைச் சிலர் 15 முறைவரை நிறுத்தித் தொடங்க நேர்ந்தது. கம்பியில்லா இணைப்பைவிடக் கேபிள் விரைவில் தயாராகும் என்பதால் கேபிளைச் செருகித் தொடங்குமாறு அறிவுரை வழங்கப்பட்டது. தொடக்க வரிசையை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடக் கூடாது என்பது இதன் படிப்பினை.

உம்பன் புயலின் சான்று

ஆயினும் மறுபக்கத்தைக் காண நாம் கொல்கத்தாவுக்கே திரும்ப வேண்டும். 2020 மே 20 அன்று பிற்பகல் உம்பன் புயல் மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் சுந்தரவனப் பகுதியில் கரையைக் கடந்தது. நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அவற்றுடன் மின்கம்பிகளும் தொலைத்தொடர்பு இழைகளும் அறுந்தன. வீழ்ந்த மரங்களை அகற்ற ராணுவத்தின் உதவி கோரப்பட்டது. நகரின் பல பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. இணைப்பு திரும்புவதும் அவ்வாறே தாமதித்தது. மின்சாரமும் இணைப்பும் ஒன்றாகப் போகலாம், ஒன்றாகத் திரும்புவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இக்கேள்வி கூர்மை பெறுகிறது.

இத்தகைய இடைக்காலத்தில் வலை வந்தாலன்றித் திறவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் கணிப்பொறியினால் என்ன பயன்? நோயாளிகளின் பட்டியல் அதனுள்ளேயே இருக்கும், பார்க்க முடியாது. நிவாரண முகாமின் பெயர்ப் பதிவேடு அதனுள்ளேயே இருக்கும், அச்சிட முடியாது. லினக்ஸ் வகை இயந்திரங்களில் வலைக்காகக் காத்திருக்கும் சேவைக்குப் பொதுவாக ஒரு வரம்பு உண்டு. ஒருவகை ஏற்பாட்டில் அது 120 வினாடி, மற்றொன்றில் 60 வினாடி. இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. ஆனால் பயனாளியின் கோப்பறையையே தொலைவிலுள்ள சர்வரில் வைத்து, “சர்வர் பதிலளிக்கும்வரை விடாது கேட்டுக்கொண்டிரு” என்று அமைத்திருந்தால் வரம்பு மறைந்துவிடுகிறது. அந்தச் சர்வர் சேற்று நீரில் மூழ்கிக் கிடந்தாலும் இயந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹூக்ளியின் கப்பலுக்கு ஓத அட்டவணை கையில் இருக்கிறது. இந்த இயந்திரத்துக்கோ வராத ஓதத்தை எதிர்நோக்குவதே விதியாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் கணிப்பொறிகளுக்கு இச்சிக்கல் இல்லை என்பதையும் நினைவூட்டலாம். நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-ஆம் ஆண்டில் இதே நகரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுவப்பட்டது. அதற்கு மின்சாரமும் தேர்ந்த பணியாளரும் தேவைப்பட்டனர். வெளியிலுள்ள வேறொரு கணிப்பொறியின் அனுமதி தேவைப்படவில்லை. அந்நிலைக்குத் திரும்புவது இயலாது, வேண்டியதுமன்று. எனினும் தன் கையில் உள்ளதைக்கொண்டு வேலை செய்யும் ஆற்றலை இயந்திரம் முற்றிலும் இழந்துவிடக் கூடாது.

கடிகாரம் என்னும் பெரிய சிக்கல்

கள ஊழியர்களுக்கு மிக முக்கியமானது இப்பகுதி. மழை, நீர்மட்டம், காற்றின் தூய்மை ஆகியவற்றைக் குறிக்க இப்போது சிறு கணிப்பொறிகள் பல இடங்களில் உபயோகிக்கப்படுகின்றன. பள்ளிகளிலும் மாணவர்கள் ராஸ்பெரி பை போன்ற பலகைகளைக் கொண்டு இத்தகைய கருவிகளை அமைக்கின்றனர். விலை குறைந்த இப்பலகைகள் பலவற்றில், மின்சாரம் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் மின்கலக் கடிகாரம் இல்லை. ராஸ்பெரி பையில் 2023-ஆம் ஆண்டின் ஐந்தாம் வரிசையில்தான் கடிகாரம் சேர்க்கப்பட்டது. அதற்கும் மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். மற்றவை நேரத்தை வலையிலிருந்தே கற்கின்றன. வலை இல்லாமல் தொடங்கினால் கடைசியாக நினைவில் இருந்த நேரத்திலிருந்து அவை எண்ணத் தொடங்குகின்றன. இரவு 10 மணிக்கு நின்று காலை 11 மணிக்குத் தொடங்கிய கருவி, காலை மழையை முந்தைய இரவின் மழை என்று எழுதிவைக்கும்.

விடுபட்ட அளவீடு வெற்றிடமாகத் தெரியும். பிழையான நேரத்துடன் கூடிய அளவீடோ உண்மை போலத் தோன்றி ஏமாற்றும். பின்னதே பெருந்தீமை. கொல்கத்தா இதற்கும் ஓர் உதாரணம் தருகிறது. இந்திய நியம நேரம் 1906-ஆம் ஆண்டு தொடங்கியபோதிலும், இந்நகரம் தன் சொந்த நேரத்தை 1948 வரை பின்பற்றி வந்தது. அது நியம நேரத்தைவிட ஏறத்தாழ 24 நிமிஷம் முந்தியது. அக்காலக் குறிப்பொன்றைப் படிப்பவர், எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார் என்று அறியாவிடில் பிழைபட நேரும்.

அப்படியானால் கருவி, நேரம் தெரியும்வரை அளக்காமல் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மழை காத்திருக்காது. வழி இதுதான்: ஒவ்வோர் அளவீட்டுடனும் கடிகார நேரத்தை மட்டுமன்றி, கருவி தொடங்கியதிலிருந்து கழிந்த வினாடிகளையும் எழுத வேண்டும். இவ்வெண்ணிக்கைக்கு வலை தேவையில்லை. கருவி தொடங்கிய 600-ஆம் வினாடியில் 3 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று என்று கொள்வோம். 1,500-ஆம் வினாடியில் வலை வந்து, உண்மை நேரம் 11 மணி 40 நிமிஷம் என்று தெரிகிறது. இடைவெளி 900 வினாடி, அதாவது 15 நிமிஷம். எனவே மழை பதிவானது 11 மணி 25 நிமிஷத்தில். இடையில் கருவி மீண்டும் நின்று தொடங்காதவரை இக்கணக்குப் பிழைக்காது. எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யக்கூடிய கழித்தல் ஒன்று, ஒரு நாளின் பதிவைக் காப்பாற்றிவிடுகிறது. இதனுடன் மின்கலக் கடிகாரத் துண்டு ஒன்றையும் பொருத்தினால் இன்னும் நன்று; நல்ல வகைத் துண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷத்துக்கு மேல் பிசகுவதில்லை.

பழைய தந்தி நிலையங்களின் வழக்கமும் இதுவேயாகும். கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே 1851-இல் தந்திப் போக்குவரத்துத் தொடங்கியது. நாட்டில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நிறைவுற்றது. தந்தியில், செய்தி ஒப்படைக்கப்பட்ட நேரம் செய்தியுடனேயே சென்றது. எனவே கம்பி வழி தாமதித்தாலும், பெறுபவர் அது எப்போது எழுதப்பட்டது என்பதை அறிய முடிந்தது. அளப்பது உடனே நடக்கட்டும். அனுப்புவது வழி கிடைக்கும்போது நடக்கட்டும்.

எந்த இயந்திரத்துக்கு எந்த விதி?

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு பொது விதி பெறப்படுகிறது. இயந்திரம் முழுவதும் காத்திருக்கக் கூடாது. வலை இல்லாமல் நடவாத வேலை மட்டுமே காத்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். இதனை நால்வகை இயந்திரங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தனக்கென நினைவுத் தட்டு இல்லாமல் சர்வரிலிருந்தே எழும் ஆய்வுக்கூட முனையங்கள் முதல் வகை. இவை காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆகையால் சர்வரும் சுவிட்சும் முதலில், முனையங்கள் பின்னர் என்ற வரிசையில் ஆசிரியர் அவற்றை இயக்க வேண்டும். சுவிட்சையும் ரௌட்டரையும் ஒரு சிறிய யு.பி.எஸ். சாதனத்தில் வைத்தால் சிறு தடைகளில் அவை அணையவே மாட்டா.

பலர் பகிர்ந்துகொள்ளும் காரியாலயக் கணிப்பொறிகள் இரண்டாம் வகை. இவற்றில் காத்திருக்கும் விதியை இயக்கலாம். ஆனால் எத்தனை வினாடி என்று வரம்பிட வேண்டும். வரம்பு கடந்தால் முன்னர் சேமித்த அடையாளத்தைக் கொண்டு ஊழியரை அனுமதிக்க வேண்டும். லினக்ஸ் இயந்திரங்களில் தொலைவுக் கோப்பறையை, “கிடைக்காவிடினும் மேலே செல்” என்ற குறிப்புடனோ, தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் முறையிலோ அமைக்கலாம்.

ஆசிரியர்களும் கள ஊழியர்களும் கையோடு எடுத்துச் செல்லும் மடிக்கணினிகள் மூன்றாம் வகை. இவை ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. வலையே இல்லாத சிற்றூரில் திறப்பதற்காகவே அவை வழங்கப்பட்டுள்ளன.

அளவீட்டுக் கருவிகள் நான்காம் வகை. அளக்கும் பகுதி உடனே தொடங்க வேண்டும். அனுப்பும் பகுதி மட்டும் காத்திருக்க வேண்டும். அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகும்வரை பதிவை அழிக்கக் கூடாது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

புதிய பாதுகாப்பு விதிகளைப் பெறாமல் ஒரு கணிப்பொறியைத் திறக்கவிடுவது ஆபத்தல்லவா என்று சிலர் கேட்பர். கேள்வி முறையானதே. ஆனால் வலை இல்லாமல் திறக்கும் இயந்திரம் விதியே இல்லாமல் திறப்பதில்லை. கடைசியாகப் பெற்ற விதிகள் அதில் நடைமுறையில் இருந்துகொண்டே இருக்கும். அறுந்த வலையின் வழியே புதிய பகைவரும் வர இயலாது. பணியிலிருந்து நீக்கப்பட்டவர் பழைய அடையாளத்துடன் உள்ளே நுழையக்கூடும் என்பது மெய்யான அபாயம். பணம் கையாளும் இயந்திரங்களிலும் தேர்வுத் தாள்கள் உள்ள இயந்திரங்களிலும் அதனைப் பொறுக்க முடியாது. அங்கே இறுதிவரை காத்திருக்கச் செய்வதே முறை. ஆனால் அந்தச் சிலவற்றுக்காக அனைத்தையும் பூட்டிவைப்பது, கருவூலத்தின் பூட்டைப் பள்ளிக்கூடத்தின் குடிநீர் அறைக்கும் போடுவது போலாகும்.

செய்ய வேண்டிய சோதனை

இவ்விதிகளைப் பெரும்பாலும் தலைமையகத்தில் அமர்ந்திருப்போர் வகுக்கின்றனர். அங்கே வலை அறுவது அரிது. ஆகவே காத்திருத்தலின் விலை அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனைத் தெரிவிக்கும் கடமை களத்தில் இருப்போருக்கு உண்டு. புகார் மட்டும் போதாது, அளவும் வேண்டும். வங்கக் கடலில் புயல்கள் மிகுதியாக எழும் காலங்கள் இரண்டு: பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களும். ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்னரும் ஒரு நாள், வேலை முடிந்த பின்னர், வலைக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கணிப்பொறியைத் தொடங்கிப் பாருங்கள். எத்தனை வினாடியில் திரை திறந்தது, எந்தக் கோப்புகள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை, கடிகாரம் என்ன நேரம் காட்டியது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபிளைச் செருகி, இழந்தவை தாமாகத் திரும்பினவா என்றும் பாருங்கள். ஆசிரியர்கள் இதனை மாணவர்களுக்கு ஒரு செய்முறைப் பாடமாகவே நடத்தலாம்.

அரை மணி நேரத்தில் முடியும் இச்சோதனையின் குறிப்பை மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். இத்தனை வினாடி, இன்னின்ன கோப்பு என்று எழுதப்பட்ட தாளைப் புறக்கணிப்பது எளிதன்று. புயல் வந்த பின்னர் கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. அது தானே அறுந்திருக்கும். அன்று நம் இயந்திரங்கள் எதற்காகக் காத்திருக்கும், எதற்காகக் காத்திராமல் வேலை செய்யும் என்பதை இன்றே நாம் முடிவு செய்துவைத்தல் வேண்டும்.